எண்ணிப் பார்த்தவர்கள்

“ஒன்றுமில்லை, வெறும் வாய்வு!” என்றனர்.

இரவு பதினொரு மணி இருக்கும். நான் குடியிருக்கும் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி திண்ணையிலே சாய்ந்தார். வேர்த்துக் கொட்டிற்று. வலி இடத்தோளுக்கு ஏறி, கைவழியே இறங்கிற்று. தெருவே கூடிவிட்டது. சோடா வந்தது, பெருங்காயம் கரைத்த வெந்நீர் வந்தது, நெஞ்சிலே தைலம் தேய்த்தனர். “மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாமே” என்று மெல்லச் சொன்னேன். “தம்பி, இன்று அஷ்டமி. நடுநிசியில் புறப்பட வேண்டாம். விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்றார் தெருவிலே மூத்தவர். கூட்டம் தலையசைத்தது. நானும் அடங்கினேன்.

விடிந்தது, தெருவுக்கு! அவருக்கு விடியவில்லை.

“விதி முடிந்தது” என்றார் ஒருவர். “அழைப்பு வந்தது, போய்விட்டார்” என்றார் மற்றொருவர். இதயத்தின்மேல் கொடிபோல் படர்ந்திருக்கும் சிறு குழாய்களைப் பற்றியோ, அவற்றில் ஒன்று அடைபட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றியோ எவரும் வாய் திறக்கவில்லை. பட்டம் பெற்றவன், பள்ளியிலே பாடம் சொல்பவன், நானும் திறக்கவில்லை. 108 என்ற மூன்று இலக்கங்களைத் தட்ட என் விரலுக்குத் துணிவில்லை. காரணம்? பெரியவர் சொல்லிவிட்டார்!

அந்த வெட்கம் என்னை நூலகத்துக்கு விரட்டிற்று. அங்கே கண்டேன், வாய் மூடி நின்றவன் நான் ஒருவன் மட்டுமல்லன் என்று. “பெரியவர் சொல்லிவிட்டார்” என்ற பூட்டு, மனித இதயத்தின் உண்மையை ஆயிரத்து நானூறு ஆண்டுகள் அடைத்து வைத்திருந்தது. படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், பல்கலைக்கழகப் பீடங்களில் அமர்ந்தவர்கள், எல்லோரும் அந்தப் பூட்டின்முன் கைகட்டி நின்றனர். பூட்டு உடைந்த வரலாறு இது. இளைஞர்கள் அறியவேண்டிய வரலாறு.

அந்தப் பெரியவரின் பெயர் கேலன். கி.பி. 129இல், இன்று துருக்கி நாட்டிலுள்ள பெர்கமம் நகரிலே பிறந்த கிரேக்கர். களத்திலே மோதிக் குருதி சிந்திய வாள்வீரர்களுக்கு மருத்துவம் பார்த்தார். பின்னர் உரோமாபுரி சென்று மன்னர் மார்க்கஸ் அரேலியசுக்கே மருத்துவரானார். அறிவற்றவரா அவர்? அல்லர்! தமனிகளில் ஓடுவது காற்று என்று அவருக்கு முன்பு இருந்தவர்கள் நம்பினர். குழாயைத் திறந்து, ஓடுவது குருதியே என்று காட்டியவர் கேலன். ஆனால் அந்நாளைய உரோமிலே மனித உடலை அறுத்துப் பார்க்க வழி இல்லை. குரங்கை அறுத்தார், பன்றியை அறுத்தார், மனிதனைப் பற்றி எழுதினார்.

என்ன எழுதினார்? உண்ட உணவு ஈரலிலே குருதியாகிறது; அங்கிருந்து சிரைகள் வழியே உறுப்புகளுக்குப் பாய்கிறது; உறுப்புகள் அதைக் குடித்துத் தீர்த்துவிடுகின்றன. ஏரித் தண்ணீர் வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்வதுபோல! வயல் குடித்த தண்ணீர் ஏரிக்குத் திரும்புவதில்லை அல்லவா? குருதியும் திரும்புவதில்லை என்றார். கொஞ்சம் குருதி மட்டும் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் கசிகிறது என்றார். நடுவிலே தடித்த சுவர் இருக்கிறதே, எப்படிக் கசியும்? சுவரில் நுண்துளைகள் உண்டு என்றார். துளைகளைக் கண்டவர் யார்? ஒருவருமில்லை. துளை இருந்தால்தான் கணக்கு சரிப்படும். ஆகவே துளை இருந்தாக வேண்டும்!

கேலன் மறைந்தார், ஏடு மறையவில்லை. ஆராய்ந்தவர் எழுதிய ஏடு, ஆராயாதவர் கையிலே வேதமாயிற்று. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலே ஒரு காட்சி! உயர்ந்த மேடையிலே பேராசிரியர் வீற்றிருந்து கேலனைப் படிப்பார். கீழே, கையைக் கறையாக்கிக்கொள்ளும் வேலை அவருக்கு எதற்கென்று, நாவிதர் ஒருவர் பிணத்தை அறுப்பார். கத்தி ஒன்றைக் காட்டும். ஏடு வேறொன்றைச் சொல்லும். மாணவர் எதை எழுதிக்கொள்வர்? ஏடு சொன்னதை! கத்தி காட்டிய உண்மையைக் கைப்பட உணர்ந்தவர் நாவிதர். அவரைக் கேட்பார் இல்லை.

முதலில் மறுத்தவர் ஐரோப்பியர் அல்லர். டமாஸ்கஸ் அருகே 1213இல் பிறந்து, கெய்ரோவிலே மருத்துவராக விளங்கிய இபின் அல்-நஃபீஸ், 1242இல் எழுதிய உரைநூலிலே மறுத்தார். சுவர் கெட்டியானது, வழி ஏதும் அதில் இல்லை, வலப்பக்கக் குருதி நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்தே இடப்பக்கம் வரவேண்டும் என்றார். எத்துணைத் தெளிவு! ஆனால் அந்த ஏடு தூங்கிற்று. 1924இல், ஜெர்மனியிலே பயின்ற எகிப்திய மருத்துவர் அல்-தத்தாவி, பெர்லின் நூலகத்தின் அடுக்கிலிருந்து அதைக் கண்டெடுக்கும்வரை தூங்கிற்று. கேள்வி கேட்டவன் குரலைக் காலம் எவ்வளவு எளிதாகப் புதைக்கிறது, பார்த்தீர்களா?

1543ஆம் ஆண்டு. இத்தாலியின் பதுவா நகர்ப் பல்கலைக்கழகத்தில் வெசாலியஸ் என்ற இளைஞர். வயது இருபத்தெட்டு. மேடையை விட்டு இறங்கினார். கத்தியைத் தாமே பிடித்தார். மனித உடலின் அமைப்பைப் படங்களுடன் பெருநூலாக்கி உலகின்முன் வைத்தார். கேலன் சொன்னவற்றில் பல, குரங்குக்குப் பொருந்தும், மனிதனுக்குப் பொருந்தா என்று காட்டினார். துளை விஷயத்திலே மட்டும் முதலில் தயங்கினார். 1555இல் வந்த மறுபதிப்பிலே தயக்கம் தீர்ந்தது. அந்தச் சுவர் வழியே துளிக் குருதியும் எப்படிப் புகும் என்று தமக்கு விளங்கவில்லை என எழுதிவிட்டார்.

பாரிசில் அவருக்குப் பாடம் சொன்ன ஆசான் சில்வியஸ் என்ன செய்தார்? மாணவனைப் பாராட்டினாரா? பைத்தியக்காரன் என்று பழித்தார்! உடலமைப்பு ஏட்டோடு ஒத்துவரவில்லையே என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த விடை வேடிக்கையானது: கேலன் தவறவில்லை, கேலன் காலத்துக்குப் பிறகு மனித உடல்தான் மாறிவிட்டது! ஏடு தவறு என்பதைவிட, மனித இனமே திரிந்துவிட்டது என்று சொல்வது அவருக்கு எளிதாக இருந்தது. நகைக்கிறோம். நம் வீட்டிலே, நம் தெருவிலே இந்த விடையைக் கேட்டதே இல்லையா நாம்?

1553ஆம் ஆண்டு. ஸ்பெயின் நாட்டு மைக்கேல் செர்வீட்டஸ், சமயச் சீர்திருத்தம் பற்றிய தம் நூலிலே, குருதி நுரையீரல் வழியே செல்கிறது என்பதையும் எழுதினார். அவரைத் தீயிலிட்டது குருதி பற்றிய கருத்துக்காக அன்று. திரித்துவக் கொள்கையையும் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பதையும் மறுத்ததற்காக. உண்மையை உள்ளபடி சொல்லவேண்டும். ஆனால் தீ, பக்கம் பார்த்தா எரிக்கும்? பிரான்சிலே கத்தோலிக்கர் அவர் உருவத்தைக் கொளுத்தினர். தப்பி ஜெனீவா வந்தார். அங்கே கால்வினின் சீர்திருத்தச் சபை ஆட்சி. அவர்கள் உருவத்தோடு நிற்கவில்லை. அக்டோபர் 27ஆம் நாள் உயிரோடு கொளுத்தினர். ஒருவருக்கொருவர் பகையான இரு முகாம்கள், ஒரு மனிதனை எரிப்பதிலே ஒன்றுபட்டன! அந்நூலின் படிகளில் எஞ்சியவை மூன்றே மூன்று.

இந்தப் புகை அடங்கிய கால் நூற்றாண்டுக்குப் பின், 1578இல், இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரிலே பிறந்தார் வில்லியம் ஹார்வி. கேம்பிரிட்ஜிலே படித்தார், பதுவா சென்று 1602இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு ஆசிரியர் ஃபாப்ரீசியஸ். சிரைகளுக்குள்ளே சின்னஞ்சிறு கதவுகள்போன்ற வால்வுகள் இருப்பதை எடுத்துக்காட்டியவர் அவர். கதவைக் கண்ட ஆசிரியர், அது எதற்கு என்பதைக் காணவில்லை. குருதி வேகமாகப் பாய்ந்துவிடாமல் தடுக்கும் மடை என்று எண்ணினார். கண் பார்த்தது, கருத்தில் கேலன் குடியிருந்தார்!

மாணவர் கேட்டார்: கதவுகள் எல்லாமே இதயத்தை நோக்கியே திறக்கின்றனவே, ஏன்?

லண்டன் திரும்பிய ஹார்வி, பகலில் ஏழைகளுக்கு மருத்துவம் செய்தார். ஓய்வில் உயிர்களை ஆராய்ந்தார். பாம்பு, தவளை, விலாங்கு. ஏன் இவை? சூடான குருதியுடைய விலங்கின் இதயம் கண்ணிமைக்குமுன் துடித்து ஓய்கிறது. குளிர்ந்த குருதியுடைய உயிரின் இதயம் மெல்லத் துடிக்கிறது. சுருங்குவதையும் விரிவதையும் நிதானமாகக் காணலாம். கண்டார். இதயம் குருதியை உறிஞ்சும் உறுப்பு அன்று. சுருங்கி, இறுகி, குருதியை வெளியே தள்ளும் தசை என்று தெளிந்தார்.

அடுத்து அவர் செய்த வேலைதான் உலகைப் புரட்டியது. கத்தியைக் கீழே வைத்தார், கணக்குப் போட்டார்!

ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளுவது அரை அவுன்சு என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் ஆயிரம் துடிப்பு என்று கொள்வோம். இரண்டையும் வேண்டுமென்றே குறைத்துச் சொன்னார். மிகைப்படுத்தினார் என்று எவரும் பேசிவிடக்கூடாதே! அப்படியும் அரை மணியில் 500 அவுன்சு. நம் அளவில் 14 கிலோ. மனித உடலில் உள்ள மொத்தக் குருதியே ஏறத்தாழ 5 லிட்டர்தான். ஒரு நாள் முழுதுக்கும் பெருக்கினால் 600 கிலோவைத் தாண்டும்; எட்டு மூட்டை அரிசியின் எடை! உண்ட உணவே குருதியாகி, உறுப்பு அதைக் குடித்துத் தீர்க்கிறது என்றால், நாளொன்றுக்கு எட்டு மூட்டை உண்பவன் எங்கே? எந்த ஊரில்?

ஆகவே குருதி தீர்வதில்லை, திரும்புகிறது. போன குருதியே வருகிறது. வந்த குருதியே போகிறது. வட்டமாகச் சுற்றுகிறது! வாய்க்காலன்று அது, சுழலும் செக்கு.

நம் மொழியிலே ‘எண்ணுதல்’ என்றால் கணக்கிடுதல், சிந்தித்தலும் அதுவே. ஹார்வி இரண்டு பொருளிலும் எண்ணினார். ஆயிரத்து நானூறு ஆண்டுப் பெரியவர், பள்ளிப் பிள்ளை போடும் ஒரு பெருக்கல் கணக்கின்முன் வீழ்ந்தார்.

“ஏட்டை நம்பாதே, என்னையும் நம்பாதே, கையை நீட்டு” என்பதுபோல, எவரும் செய்து பார்க்கத்தக்க சோதனையும் தந்தார். மேற்கையிலே துணியை ஓரளவு இறுக்கிக் கட்டுங்கள். முன்கைச் சிரைகள் புடைத்து எழும். ஆங்காங்கே முடிச்சுகள் தெரியும். அவையே வால்வுகள். ஒரு சிரையை விரலால் அழுத்திக்கொண்டு, மறு விரலால் அதிலுள்ள குருதியை மேல்நோக்கி, அடுத்த முடிச்சுக்கு அப்பால் வழித்துவிடுங்கள். நடுப்பகுதி வெறுமையாகும், மேலிருந்து குருதி கீழே இறங்காது. அழுத்திய விரலை எடுங்கள். கீழிருந்து விர்ரென நிரம்பும். இதயத்தை நோக்கி ஒருவழிப் பாதை! என் வகுப்புப் பிள்ளைகள் இதைச் செய்து பார்த்து வியந்த முகங்கள் இன்னும் என் கண்ணிலே நிற்கின்றன. கட்டுத் துணியை மட்டும் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

1628இல், ஃபிராங்க்ஃபர்ட் நகரிலே, எழுபத்திரண்டு பக்கச் சிறுநூலாக அச்சேறிற்று இந்த உண்மை. விளைவு? அவருடைய மருத்துவத் தொழில் படுத்தது, கிறுக்கர் என்று பாமரர் பேசினர், நோயாளிகள் குறைந்தனர். பாரிசின் பெரும் பேராசிரியர் ரியோலான் எதிர்த்தெழுதினார். ஹார்வி தெருவிலே முழங்கிய புரட்சிக்காரர் அல்லர், அரசருக்கு மருத்துவர், அந்நூலையே மன்னர் முதலாம் சார்லசுக்குக் காணிக்கையாக்கியவர். வசைக்கு வசை பாடாமல் பொறுத்திருந்து, 1649இல் ரியோலானுக்கு விடை எழுதினார்.

அவர் வாழ்விலே இன்னொரு நிகழ்ச்சி. 1634ஆம் ஆண்டு. லங்காஷயரிலே ஒரு சிறுவன், ஊர்ப் பெண்கள் சிலர் சூனியக்காரிகள் என்று கதை கட்டினான். நீதிமன்றம் நம்பிற்று, குற்றவாளிகள் என்று தீர்த்தது. நான்கு பெண்கள் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் உடலிலே பேயின் அடையாளம் உண்டா என்று சோதிக்கும் பொறுப்பு ஹார்வியிடம் வந்தது. அவர் மேற்பார்வையில் அறுவை மருத்துவரும் மருத்துவச்சிகளும் சோதித்தனர். பேயின் அடையாளம் ஏதுமில்லை என்றனர். சிறுவனும் தான் சொன்னது பொய் என்று ஒப்பினான். தூக்குக் கயிறு அந்தக் கழுத்துகளில் விழவில்லை. தவளையின் இதயத்தைப் பார்த்த அதே கண், அந்த ஏழைப் பெண்களையும் பார்த்தது. கண்டதைச் சொல், காணாததைச் சொல்லாதே. இதுதான் அதன் இலக்கணம்.

ஒரு குறை இருந்தது. தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எப்படிச் செல்கிறது? இணைப்பு எங்கே? ஹார்வியின் கண்ணுக்கு எட்டவில்லை. வழி இருக்கத்தான் வேண்டும் என்றார். கேலனும் காணாத துளையைச் சொன்னார், ஹார்வியும் காணாத வழியைச் சொன்னார், வேறுபாடு என்ன என்று கேட்பீர்கள். கேளுங்கள்! கேலன் சொன்ன துளையைத் தேடினர். சுவர் கெட்டியாகவே இருந்தது. ஹார்வி சொன்ன வழியைத் தேடினர், கிடைத்தது! 1661இல், போலோனா நகரிலே மால்பீகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்தார். தமனியையும் சிரையையும் இணைக்கும் மயிரினும் மெல்லிய தந்துகிகள் தெரிந்தன. ஹார்வி மறைந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன.

வட்டம் முழுமையாயிற்று. இன்று நாம் அறிவது இது: மூடிய கை அளவே உள்ள தசை, ஏறத்தாழ முந்நூறு கிராம். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. உடலெங்கும் உழைத்துக் களைத்த குருதி வலப்பக்கம் வருகிறது. நுரையீரலுக்குச் சென்று உயிர்க்காற்றை ஏற்கிறது. இடப்பக்கம் திரும்பி, உடலெங்கும் பாய்கிறது. நான்கு வால்வுகள் காவல். ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர். நாளொன்றுக்கு ஒரு லட்சம் துடிப்பு, 7,000 லிட்டர்! அத்தனை குருதியைக் கையாளும் இதயம், தன் பசிக்கு அதிலிருந்து நேராக எடுத்துக்கொள்வதில்லை. பெருந்தமனியின் அடியிலிருந்து கிளைத்து வரும் இரு சிறு தமனிகளே அதற்குச் சோறிடுகின்றன. ஊருக்கே படியளக்கும் களஞ்சியக்காரன், தன் வீட்டு உலைக்குத் தனியே அளந்து வாங்குவதுபோல!

அந்தச் சோற்றுவழி அடைபட்டால்? அதுதான் என் தெருவிலே நடந்தது.

அடைப்பு ஒரே இரவில் வருவதன்று. தமனிச் சுவரிலே கொழுப்பு ஆண்டுக்கணக்கில் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடிக்கிறது, வெடித்த இடத்திலே குருதி உறைகிறது, வழி மூடுகிறது. அந்தத் தமனியை நம்பிய தசை, பட்டினியால் துடித்து, மணிக்கணக்கில் சாகிறது. மணிக்கணக்கில் என்பதைக் கவனியுங்கள். ஒரு நொடியில் அன்று! காப்பாற்ற நேரம் இருக்கிறது என்று பொருள். நேரத்தைக் கொன்றால் மனிதனைக் கொல்கிறோம் என்றும் பொருள்.

இதையும் எண்ணித்தான் கண்டார்கள். 1988இல் வெளிவந்தது ஒரு பெரும் ஆய்வு. 17,187 நோயாளர், 417 மருத்துவமனைகள். மாரடைப்பு என்று ஐயுற்று வந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, உறைந்த குருதியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தையும் ஆஸ்பிரினையும் சோதித்தனர். இரண்டும் பெறாதவர்களில் ஐந்து வாரத்தில் இதய, இரத்தக் குழாய் நோயால் மாண்டவர் நூற்றுக்கு 13.2. இரண்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 8.0. விதி மருந்துக்குக் கட்டுப்படுகிறது, தோழர்களே!

அந்த ஆய்விலே ஒரு சுவையான செய்தி. நோயாளரை மேலும் கூறு கூறாகப் பிரித்து, எந்தக் கூறுக்குப் பயன், எந்தக் கூறுக்கு இல்லை என்று காட்டும்படி கேட்டனர். அளவுக்கு மீறிக் கூறுபோட்டால் எண்ணும் பொய் சொல்லும் என்பதை உணர்த்த, ஆய்வாளர்கள் பிறந்த தேதிப்படி மேனாட்டார் கணிக்கும் ராசிகளாகவும் பிரித்துக் காட்டினர். மிதுன ராசிக்கும் துலா ராசிக்கும் ஆஸ்பிரின் பயன் தரவில்லை என்று வந்தது! நம் சோதிடர் கையில் இது சிக்கியிருந்தால்? “பார்த்தீரா, விஞ்ஞானமே ஒப்பிவிட்டது” என்று பலகை மாட்டியிருப்பார். ஆய்வாளர்கள் என்ன சொன்னார்கள்? தற்செயல் இப்படித்தான் ஏமாற்றும், எச்சரிக்கை என்றார்கள். நாம் போட்ட கணக்கையே நாம் ஐயுறவேண்டும் என்பது பகுத்தறிவின் கடைசிப் பாடம், கடினமான பாடம்.

அடைப்புக்கு முன்னோடி ஒன்று உண்டு. ஓசையின்றி வரும் பகை. குருதி, குழாய்ச் சுவரை அழுத்தும் அழுத்தம். அதை முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார்! 1733இல் அவர் வெளியிட்ட குறிப்பின்படி, ஒரு பெண் குதிரையின் தமனியிலே கண்ணாடிக் குழாயைப் பொருத்த, குருதி எட்டடி மூன்று அங்குலம் ஏறிற்று. பாதிரியாரா என்று முகம் சுளிக்கவேண்டாம், அளந்தவரை வாழ்த்துவோம். கையிலே பட்டை கட்டி, குழல் வைத்துக் கேட்டு அளக்கும் முறையை ருஷ்ய மருத்துவர் கோரட்காஃப் 1905இல் தந்தார்.

அளக்கும் கருவி வந்தும், அளவின் பொருளை ஏற்க மனம் வரவில்லை. அழுத்தம் கூடுவது வயதானவர்க்கு இயல்பு, தேவையும்கூட என்று பெரிய மருத்துவர்களே கருதிய காலம் அது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186க்கு 108 இருந்தது. உடல்நலம் நன்றே என்று நாட்டுக்குச் சொல்லப்பட்டது. 1945 ஏப்ரல் 12, தலை பிளக்கிறது என்றார்; மயங்கினார்; மூளையிலே குருதிக்குழாய் வெடித்தது. அன்று அழுத்தம் 300க்கு 190. உலகையே ஆட்டிப் படைத்த வல்லரசின் தலைவர், கையில் கட்டும் பட்டை காட்டிய எண்ணை மதியாததால் வீழ்ந்தார்.

1948இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்காம் என்ற சிற்றூரிலே 5,209 ஆண் பெண்களைப் பதிவு செய்து, ஆண்டுக்கணக்கில் எண்ணத் தொடங்கினர். யார் புகைத்தார், யாருக்கு அழுத்தம் மிகுதி, யாருக்குக் கொழுப்பு மிகுதி, யார் மாண்டார் என்று. புகை, அழுத்தம், கொழுப்பு மூன்றும் முன்கூட்டியே வழி காட்டின. தலையெழுத்து என்று சொல்லப்பட்டது, படிக்கத்தக்க எழுத்தாயிற்று. திருத்தத்தக்க எழுத்தும் ஆயிற்று.

பெரியவர் சொல்லை மீறிய இருவரைச் சொல்லி முடிக்கிறேன்.

1929, ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே. இருபத்தைந்து வயது மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன். கைச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தினால் இதயத்தையே எட்டலாம் என்றார். கூடாது என்றார் மேலதிகாரி. தம் கையிலேயே செலுத்திக்கொண்டார். குழாயோடு நடந்து சென்று எக்ஸ்ரே படம் எடுத்தார். குழாயின் நுனி இதயத்துக்குள்! பாராட்டா கிடைத்தது? பின்னர் பெர்லினிலே வேலை போயிற்று. 1956இல் நோபெல் பரிசு வந்தது. குழாய் வழியே இதயத்தை அடையும் அந்தக் கலையிலிருந்தே, அடைபட்ட தமனியைச் சிறு பலூனால் விரிக்கும் மருத்துவம், 1977இல் சூரிச் நகரிலே கிரூன்ட்சிக் கையில் பிறந்தது. என் தெருக்காரருக்குக் கிடைத்திருக்க வேண்டிய மருத்துவம்!

மற்றவர் விவியன் தாமஸ். அமெரிக்கக் கறுப்பினத்தவர். மருத்துவம் படிக்க விரும்பினார்; 1929இன் பொருளாதாரச் சரிவில் சேமிப்பு கரைந்தது; கல்லூரி கானலாயிற்று. ஆய்வுக்கூடத்திலே வேலைக்குச் சேர்ந்தார். பதிவேட்டிலே அவருக்கு எழுதிய பதவி, கூட்டித் துடைப்பவர்! பிறவியிலேயே இதயக் குறையால் நீலம் பாய்ந்து மடியும் குழந்தைகளைக் காக்க, ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவர் வழி கேட்டார். நாய்களிலே சோதித்துச் சோதித்து அந்த அறுவை முறையைக் கைவரச் செய்தவர் தாமஸ். 1944 நவம்பர் 29, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. குழந்தையின் மார்பைத் திறந்து நின்றவர் டாக்டர் பிளேலாக். அவர் தோளுக்குப் பின்னே முக்காலிமேல் நின்று, இப்படித் தையுங்கள், அப்படித் திருப்புங்கள் என்று வழி சொன்னவர் தாமஸ். சிகிச்சைக்குப் பெயரிட்டபோது இரு மருத்துவர் பெயரும் ஏறின. அவர் பெயர் ஏறவில்லை. 1976இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் தந்தது. “இவன் இன்னாருக்குப் பிறந்தான், இவனுக்கு இது வராது” என்பதும் காணாத துளையைச் சொன்ன ஏடுதானே? அதையும் அறுத்துப் பார்த்தார் அவர், உள்ளே ஒன்றுமில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். நம் வகுப்பிலே ஒரு பிள்ளைக்குத் தொண்டை வலி, காய்ச்சல். பிறகு மூட்டுக்கு மூட்டு தாவும் வீக்கம் என்றால், ஏதோ கண்ணேறு என்று மந்திரிக்க விடாதீர்கள். தொண்டையில் புகுந்த ஒருவகைக் கிருமியை எதிர்க்க எழும் உடலின் படை, சில வேளை தன் இதய வால்வுகளையே தாக்கிவிடுகிறது. நெருக்கமான குடிசைகளிலே, வறுமையிலே வளரும் பிள்ளைகளையே அது தேடி வருகிறது. வேளையோடு பென்சிலின் கொடுத்தால் தடுக்கலாம்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். நெஞ்சை அழுத்தும் வலி, வேர்வை, மூச்சுத் திணறல், தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவும் வேதனை: இவற்றுக்குச் சோடா மருந்தன்று. பெண்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் வலி இல்லாமலேகூட, களைப்பாகவும் குமட்டலாகவும் வரலாம். வாய்வா, மாரடைப்பா என்று தீர்ப்புச் சொல்லத் திண்ணை நீதிமன்றம் அன்று. இதயத்தின் மின்னோட்டத்தைப் படம் பிடிக்கும் கருவி இருக்கிறது, மருத்துவமனையிலே இருக்கிறது. வீட்டிலே முப்பது கடந்த எல்லோரும் இரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். நன்றாகத்தானே இருக்கிறேன் என்பார் அப்பா. ரூஸ்வெல்ட்டும் அப்படித்தான் இருந்தார் என்று சொல்லுங்கள்.

அந்தக் கடை இப்போது பூட்டிக் கிடக்கிறது. பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அந்தத் திண்ணையைக் கடந்துதான் போகிறேன். இன்னொரு இரவு, இன்னொரு திண்ணை, இன்னொரு அஷ்டமி வராமலா போகும்? மூத்தவர் அன்றும் “விடியட்டும் தம்பி” என்பார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொன்னவர்கள் அப்படிச் சொல்லிவிட்டார்கள். “விடியும்வரை தாங்காது, ஐயா! வழி விடுங்கள்” என்பேன் நான். இம்முறை மெல்லச் சொல்லமாட்டேன்.